வண்டி ஏன் கொதிக்குது? ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வரலாறு

ஒரகடம் வழியா ஒரு தடவையாவது வந்திருந்தீங்கன்னா பாரத்பென்ஸ் லாரிகளைப் பார்த்திருப்பீங்க. பெயிண்ட் பளபளப்பு மாறாம, பின்னாடி பாடி கட்டாம, வெறும் சேசிஸோட போகும். 2012ல் இங்கே திறந்த டெய்ம்லர் தொழிற்சாலையில் செய்யிற வண்டிகள். அந்தப் பேரில் இருக்கிற பென்ஸ், 1886ல் ஜெர்மனியில் மூணு சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கின கார்ல் பென்ஸ். அவர் வண்டியில் இன்னிக்கு நாம சொல்ற ரேடியேட்டரே கிடையாது. என்ஜினைச் சுத்தித் தண்ணி இருக்கும், அது கொதிச்சு ஆவியாகும், குறையக் குறைய ஊத்தணும். குளிர்விக்கிற ஏற்பாடு அவ்வளவுதான்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம, ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு அந்த மாதிரி வண்டியில் மன்ஹைம் ஊரிலிருந்து அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் போனாங்க. போற வழியெல்லாம் தண்ணி தேடித் தேடி ஊத்தவேண்டி இருந்தது. உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணம்னு இதைச் சொல்றாங்க. என்ஜின் சூட்டோட மனுஷன் மல்லுக்கட்டின முதல் நெடும்பயணம்னும் சொல்லலாம்.

போன மாசம் என் பழைய பிக்கப்பும் பெர்த்தாம்மா காலத்துக்கே போயிடுச்சு. கத்தரிக்காய் மூட்டை ஏத்திக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கோயம்பேடு கிளம்பினா, பெங்களூரு ஹைவேயில் ஏறி பத்து கிலோமீட்டருக்குள்ள ஊசி சிவப்பைத் தொட்டுடும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, கேன் தண்ணி ஊத்தி, திரும்பக் கிளம்பணும். மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாப் போனா காய்க்கு விலை கிடையாது. காட்டின முதல் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்ததுமே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்ணே, என்ஜினை இறக்கிடலாம்"னார். அந்தச் செலவுக்கு ஒரு போகம் கத்தரிக்காய் லாபம் பத்தாது. வண்டியை எடைக்குப் போட்டுடலாம்னு வீட்டில் பேச்சு வந்தது.

எனக்கு ஒரு பழக்கம். ஒரு பொருள் புரியலைன்னா அது எப்படி வந்துச்சுன்னு பார்ப்பேன். ரேடியேட்டர் விஷயத்தில் அது நல்லாவே உதவும். ஏன்னா இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பாகமும், முந்தினது செய்ய முடியாத ஒரு வேலைக்காகப் பின்னாடி வந்து சேர்ந்தது. கோளாறையும் அதே வரிசையில் தேடினா பாதிச் செலவு மிச்சம்.

முதல்ல வெறும் தண்ணி. அப்புறம் 1900-01ல் டெய்ம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மைபாக், முதல் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சார். எட்டாயிரத்துக்கு மேல குட்டிக் குட்டிக் குழாய், அதுக்குள்ள காத்து போகும், சுத்தித் தண்ணி ஓடும். தேவைப்பட்ட தண்ணி பாதியாக் குறைஞ்சு ஒன்பது லிட்டருக்கு வந்தது. ஆனா வண்டி நின்னா காத்தும் நிக்குமே? அதுக்கு ஃபேன். தண்ணியைத் தள்ளிவிட பம்பு. இந்த பம்பு ரொம்ப நாள் கட்டாயமா இருந்ததில்லை. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் ஆரம்பத்தில் செஞ்ச கொஞ்சத்தைத் தவிர எதிலும் பம்பு கிடையாது. சூடான தண்ணி தானா மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும், அதை வெச்சே கோடிக்கு மேல வித்தாங்க.

என் வண்டிக்கு முதல் தடயம் இந்த இடத்தில்தான் கிடைச்சது. ஷிப்ட் விடுற நேரத்தில் ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்களுக்கு நடுவுல ஊர்ந்து போகும்போது ஊசி அசையாது. ஹைவேயில் லோடோட வேகம் எடுத்தாத்தான் ஏறும். நின்னா சூடாகி, ஓடினா ஆறுற வண்டிக்கு ஃபேனைப் பார்க்கணும், பெல்ட்டைப் பார்க்கணும். ஓடும்போது சூடாகிற வண்டிக்குக் காத்து பஞ்சமில்லை, தண்ணி ஓட்டம்தான் பஞ்சம். கேஸ்கெட் போயிருந்தா வேற அடையாளங்கள் இருக்கணும். என்ஜின் ஆறி இருக்கும்போது மூடியைத் திறந்துவெச்சு ஸ்டார்ட் பண்ணினா தண்ணியில் விடாம குமிழி வரும். ஆயில் குச்சியில் பால் டீ நிறத்தில் குழம்பு ஒட்டும். ரெண்டும் இல்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். குளிர்ந்த என்ஜின் சீக்கிரம் சூடேறணும்னு வந்த கதவு இது. சூடேறும்வரை மூடியிருக்கும், அப்புறம் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடும். நம்ம ஊரில் வண்டி கொதிச்சா முதல் வைத்தியம், இதைக் கழட்டிப் போடுறது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?"ம்பாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா சில என்ஜின்களில் இதைக் கழட்டினா தண்ணி ரேடியேட்டர் பக்கம் சரியாப் போகாம பைபாஸ் வழியாவே சுத்தி இன்னும் சூடாகும். மத்ததில் என்ஜின் தேவையான சூட்டுக்கே வராம டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழட்டி எறியறதுக்குச் சோதிச்சுப் பார்க்கலாம். பாத்திரத்துத் தண்ணியில் கம்பி கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பத்தவெச்சேன். "இது என்ன ரசம்?"னு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. 82ன்னு முத்திரை குத்தின கதவு, தெர்மாமீட்டர் 82 டிகிரியைத் தாண்டினதும் நல்லபிள்ளையா வாயைத் திறந்தது.

கடைசியா வந்தது மூடி. பார்க்க ஜாடி மூடி மாதிரிதான் இருக்கும், வேலை குக்கர் வெயிட்டோட வேலை. உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சா தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது. 0.9 பார் மூடி போட்டா 118 டிகிரி வரைக்கும் தாங்கும். (சூட்டோட குக்கரைத் திறக்கமாட்டீங்க இல்லையா, ரேடியேட்டரையும் திறக்காதீங்க.) இந்த மூடியில் நம்ம சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக மூடி செஞ்ச இயந்திரங்களை வாங்கிக் கொண்டுவந்து, இங்கிருந்தே அமெரிக்கக் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் விருதும் வருஷா வருஷம் வாங்கினாங்க. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோவை 1998ல் வெளியே விடறதுக்கு முன்னாடியே நடந்தது இது. கார் கம்பெனிகள் வந்ததாலதான் இந்தப் பக்கம் கைத்திறன் வந்ததுன்னு சொல்றவங்களுக்காகச் சொல்றேன்.

என் மூடியில் ரப்பர் செத்துப் போயிருந்தது. வண்டி ஆறினதும் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்ததைப் பார்த்து, உள்ளே காத்து வாங்குற குட்டி வால்வும் ஒட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சது. மாத்தினேன். கொதிக்கிறது குறைஞ்சது, நிக்கலை.

மிச்சம் இருந்தது தேன்கூடுதான். ஸ்ரீபெரும்புதூரில் எனக்குத் தெரிஞ்ச ஒரு ரேடியேட்டர் கடைக்காரர் இருக்கார். மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கித் திறந்தார். குழாய் வாயெல்லாம் வெள்ளையா, வெத்தலைக்கு வெச்ச சுண்ணாம்பு மாதிரி. எனக்கு முன்னாடி வண்டியை வெச்சிருந்தவர் வருஷக்கணக்கா போர் தண்ணியே ஊத்தியிருக்கார். "முன்னெல்லாம் ஏரித் தண்ணி ஊத்தின வண்டி வரும், உள்ளே சேறுதான் இருக்கும், அலசினா போயிடும். இப்போ வர்றதெல்லாம் கல்லு"ன்னார்.

செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம்னே பேர். உங்க குழாய்க்குத் தண்ணி தர்ற செம்பரம்பாக்கமும் எங்களுக்குப் பக்கம்தான். ஏரியில் நிக்கிறது மழைத் தண்ணி, உப்பு கம்மி. பூமிக்கடியில் பாறையோட ஊறிக் கிடக்கிற தண்ணியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கொதிக்கக் கொதிக்க அது படியும், படிஞ்சது சூட்டை வெளியே விடாது. பாசனம் ஏரியை விட்டு போருக்கு மாறினது எங்க வயலில் எப்படித் தெரியுதோ, அப்படியே அந்தக் குழாய்களிலும் தெரிஞ்சது.

பித்தளைத் தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி எடுத்து, திரும்ப ஈயம் வெச்சுப் பத்தவெச்சுக் கொடுத்தார். ஒருநாள் வேலை. இந்தத் தொழில் இனிமே எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். இப்போ வர்ற வண்டிகளில் அலுமினியக் கூடு, பிளாஸ்டிக் தொட்டி. ஈயம் ஒட்டாது, திறந்து குத்தவும் வழியில்லை, அடைச்சா புதுசு மாத்த வேண்டியதுதான். அவர் பையன் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். அந்த வேலையும் நிரந்தரம் இல்லைன்னார்.

இப்போ கூலன்ட்டும் சுத்திகரிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி ஊத்தியிருக்கேன். மூணு வாரமா ஹைவேயில் முழு லோடோட ஊசி நடுவைத் தாண்டலை. கேன் மட்டும் இன்னும் சீட்டுக்குப் பின்னாடி இருக்கு.