ஆலயத் திருப்பணியும் அரசு மானியமும்

சிங்கப்பூரின் தொன்மைமிகு இந்து ஆலயம் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்தருளியுள்ள அருள்மிகு மாரியம்மன் ஆலயமாகும். 1819ஆம் ஆண்டு இராஃபிள்ஸ் அவர்களுடன் பினாங்கிலிருந்து வந்த திரு. நாராயண பிள்ளை இதற்கு வித்திட்டார். முதலில் தெலுக் ஆயரில் ஒதுக்கப்பட்ட நிலம், வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் இன்மையால் கைவிடப்பட்டது. 1823இல் இன்றைய இடம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு சிறு கோயில் எழுந்தது. நிலம் ஆட்சியாளர் ஒதுக்கியது. கோயிலோ மக்களின் பொருளாலும் உழைப்பாலும் வளர்ந்தது. 1903இல் முதல் கோபுரமும் 1925இல் இன்றுள்ள கோபுரமும் எழுந்தன.

நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் வாரியம் 1971இல் அமைக்கப்பட்டது. 1973இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட எட்டுத் தேசிய நினைவுச்சின்னங்களுள் இவ்வாலயமும் ஒன்று. இப்பெருமையுடன் ஒரு பொறுப்பும் வந்தது. உரிய அனுமதியின்றிக் கட்டடத்தில் மாற்றம் செய்தல் ஆகாது. ஆகம மரபோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தப் பணிக்கின்றது. புதுப்பித்தலும் வேண்டும்; பழமையும் அழியலாகாது. இவ்விரண்டையும் இணைக்கத் தேர்ந்த சிற்பியரும் பெரும்பொருளும் தேவை. 2023 பிப்ரவரியில் நடைபெற்ற குடமுழுக்குக்கான திருப்பணிச் செலவு ஏறத்தாழ 35 இலட்சம் வெள்ளி.

இச்சுமையில் ஒரு பங்கை ஏற்கும் நோக்குடன் 2008இல் தேசிய நினைவுச்சின்ன நிதி தோற்றுவிக்கப்பட்டது. தேசிய மரபுடைமைக் கழகம் நிர்வகிக்கும் இந்நிதி, நினைவுச்சின்னங்களுக்கு உரிமையுடைய சமய அமைப்புகளுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உரியது. ஏற்கப்பட்ட சீரமைப்புச் செலவில் ஒரு பகுதியை மட்டுமே அது வழங்கும். எஞ்சியதைச் சமூகமே திரட்ட வேண்டும். எனவே மானியம் நன்கொடைக்கு மாற்றன்று, துணையே ஆகும்.

இந்து ஆலயங்களுள் நினைவுச்சின்னத் தகுதி பெற்றவை மூன்றே. மாரியம்மன் ஆலயத்தைத் தொடர்ந்து 1978இல் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயமும் 2014இல் ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயமும் அத்தகுதியை எய்தின. ஏனைய ஆலயங்கள் மனந்தளர வேண்டியதில்லை. 2013இல் மரபுடைமைக் கழகம் தொடங்கிய மரபுடைமை மானியத் திட்டம், கண்காட்சி, நூல் வெளியீடு, ஆவணத் தொகுப்பு முதலிய சமூக முயற்சிகளுக்குக் கைகொடுக்கும் நோக்குடையது.

ஆயினும் எம்மானியமும் வெறும் ஆர்வத்தை நம்பி வழங்கப்படுவதில்லை. எதைப் பாதுகாக்க விழைகின்றோம், அதன் வரலாறு யாது என்பதைச் சான்றுடன் காட்ட வேண்டும். பழைய கோபுரத்தின் புகைப்படமும் சுதையின் மூல வண்ணம் பற்றிய குறிப்பும் இல்லையெனில், சிற்பி எதனை மீட்டெடுப்பார்? கூட்டக் குறிப்பேடும் நன்கொடைப் பட்டியலும் விழா அழைப்பிதழும் பழந்தாளென்று எறியப்படுமாயின், முன்னோர் தொண்டுக்குச் சான்று ஏது? அரசு பொருள் தரலாம். இழந்த ஆவணத்தை எந்நிதியாலும் மீட்டுத் தர இயலாது.

ஆகவே ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் தன் ஆவணங்களைத் தொகுத்துப் பேணுதல் வேண்டும். இல்லங்களில் உறங்கும் பழைய படங்களையும் மலர்களையும் பக்தர்கள் ஆலயத்திற்கு அளித்து உதவுதல் வேண்டும். உண்டியலில் இடும் காணிக்கைக்கு நிகரான திருப்பணி இதுவுமாகும். அன்னை மாரியம்மன் திருவருள் இதற்குத் துணை நிற்பதாக!