கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது

காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் பட்டு எடுத்துவிட்டு, வரதரைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான்.

இதை எல்லோரும் 'அந்தக் காலத்துத் தேர்தல்' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஊர்ப்பொதுக் காரியத்துக்கு ஒருத்தரை உள்ளே விடும் முன்னால் என்ன பார்க்கணும், தப்பு செய்தால் என்ன செய்யணும் என்று சபை எழுதிவைத்த பாதுகாப்பு விதிகள் இவை.

முதலில் தகுதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும். வயது 919-இல் 30 முதல் 60 வரை. 921-இல் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இரண்டே வருஷத்தில் சபை மறுபடியும் கூடி விதியைத் திருத்தியிருக்கிறது என்றால், முதல் ஏற்பாட்டில் ஏதோ ஓட்டை இருந்திருக்கணும் என்று ஊகிக்கலாம்.

அடுத்து விலக்கு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. அவனோடு நிற்கவில்லை. சின்னம்மா, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுப் பட்டியலே நீள்கிறது. இன்றைய கண்ணுக்கு இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் 'நீ கணக்குக் காட்டாவிட்டால் நம்ம வீட்டுக்கே கேடு' என்று வீட்டுக்குள்ளேயே நாலு பேர் நெருக்குவார்கள் இல்லையா? ஜாமீன் கையெழுத்து மாதிரி ஒரு ஏற்பாடு. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை.

பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கவேண்டும், வருஷம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கணக்கு எழுதியவனே கணக்கைக் காட்டவேண்டும். வேறொருவனை வைத்து முடிக்கக் கூடாது. 'எனக்குத் தெரியாது, அவர்தான் எழுதினார்' என்று நழுவுகிற வழியை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள்.

இதைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். இது பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் வேதக்கல்வியும் இல்லாதவருக்கு அதில் பங்கில்லை. ஏரியைத் தூர்வாரிய கைகளின் பெயர் எதுவும் சுவரில் இல்லை.

இந்த எண்ணம் செத்துப்போகவும் இல்லை. தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம், 1959-ஐப் பாருங்கள். கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும், கோயிலோடு குத்தகையோ ஒப்பந்தமோ வைத்திருப்பவரும் அறங்காவலர் ஆக முடியாது. ஆயிரம் வருஷம் கழித்தும் அதே பயம்தான்.

ஆனால் ஒரு குறை. இந்த விதிகளெல்லாம் பணத்தைக் காக்கின்றன, உயிரை?

2019-இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் வைபவம். 40 வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஒரு கோடிக்கும் மேல் பக்தர்கள் வந்ததாக அரசுத் தரப்பில் சொன்னார்கள். ஜூலை 18 அன்று நெரிசலில் நாலு பேர் இறந்தார்கள்.

அதைவிடக் கொடுமை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாச் சப்பரத்தின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் போனார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. விழா எடுத்தது ஊர்க்காரர்கள், இழுத்ததும் அவர்களே. கூலிக்கு வந்தவர்கள் இல்லை, பக்தியில் வந்தவர்கள். அரசு ஒருநபர் விசாரணைக் குழு அமைத்தது. அது அறநிலையத்துறைத் தேரா, ஊர்ச் சப்பரமா, அனுமதி இருந்ததா என்று பேச்சு போனது. செத்தவர்களின் வீட்டுக்கு அந்தப் பாகுபாட்டால் என்ன ஆகப்போகிறது?

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. 2024 ஜூலைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ-வில் இரண்டு வருஷம். ஆனால் யாருடைய கவனக்குறைவு? சேவைக்கு வந்த இருபது பேரில் கம்பியைப் பார்க்கவேண்டியவர் இவர் என்று யாருமே குறிக்கப்படாதபோது, குற்றம் எல்லார் மேலும் பரவி, கடைசியில் யார் மேலும் நிற்பதில்லை. 'சாமி காரியம், சாமி பார்த்துப்பார்' என்கிற பேச்சு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

உத்திரமேரூர்க்காரர்கள் ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்கு பன்னிரண்டு பேர், பொன்னுக்கு ஆறு பேர் என்று பிரித்தார்கள். நம்ம ஊர் விழாக் குழுவுக்கும் அதே கணக்குதான் வேண்டும். சப்பரத்தின் உயரத்தை அளப்பது இன்னார், மின்வாரியத்தில் சொல்லிக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவது இன்னார், சின்னப் பிள்ளைகளை வடத்திலிருந்து விலக்குவது இன்னார் என்று நாலு பெயர், ஒரு தாள். நன்கொடைக் கணக்கை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறோமே, அதே சுவரில் இதையும் ஒட்டலாம். அடுத்த வருஷம் அதே பொறுப்பைக் கேட்டு வருபவரிடம் போன வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதற்கும் அந்தத் தாள் உதவும்.