காவலாளியை அறையும் ஆவி: கோட்டா ரெசிடென்சியும் 1857இன் நினைவும்

ராஜஸ்தானின் கோட்டா நகரில், சம்பல் ஆற்றங்கரையில் நிற்கும் பிரிஜ்ராஜ் பவன் இன்று ஓர் அரண்மனை விடுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தபோது அது கிழக்கிந்தியக் கும்பினி அரசின் ரெசிடென்சி. 1817 உடன்படிக்கையின்படி கும்பினியின் பாதுகாப்புக்குள் வந்த கோட்டா அரசை, கும்பினியின் அரசியல் முகவர் அங்கிருந்துதான் கண்காணித்தார். அந்த மாளிகையில் மேஜர் சார்லஸ் பர்ட்டன் என்ற முகவரின் ஆவி உலவுவதாக ஒரு கதை வழங்குகிறது. பயணக் கையேடுகள் அதைச் சுவைக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கதைக்குள் 1857 கிளர்ச்சியைப் பற்றிய ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதே என் வாதம்.

நடந்தது இது. கிளர்ச்சி மூண்ட மாதங்களில் நீமச்சில் இருந்த பர்ட்டன், 1857 அக்டோபரில் இரண்டு மகன்களுடன் கோட்டாவுக்குத் திரும்பினார். விசுவாசமில்லாத அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மகாராவ் இரண்டாம் ராம்சிங்கிடம் அவர் வற்புறுத்தியதும், அந்தச் செய்தி வெளியே கசிந்ததும் படையினரின் சினத்தைக் கிளறின என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அக்டோபர் 15 அன்று மகாராவின் சொந்தப் படையே ரெசிடென்சியை வளைத்தது. காவலுக்கு நின்றவர்களும் பணியாட்களும் ஓடிவிட, தந்தையும் மகன்களும் மாடியில் ஒதுங்கிச் சில மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். முடிவில் மூவரும் கொல்லப்பட்டார்கள். வக்கீல் லாலா ஜெயதயாலும் ரிசால்தார் மெஹ்ராப் கானும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினர். ஏறத்தாழ அரை ஆண்டு நகரம் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. 1858 மார்ச் இறுதியில் ஜெனரல் ராபர்ட்ஸின் படை வந்த பிறகே அது வீழ்ந்தது.

இனி ஆவியின் நடத்தையைப் பார்க்கலாம். இராக்காவலில் ஒருவர் கண்ணயர்ந்தால் இருட்டிலிருந்து ஓர் அறை விழும். பீடி பற்றவைத்தாலும் அப்படியே. தூங்காதே, புகைக்காதே என்று ஆங்கிலத்தில் அதட்டும் குரலைக் கேட்டதாகவும் சொல்வார்கள். விடுதியில் தங்கும் விருந்தினரை அது சீண்டுவதில்லை. 1980இல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களிடம் பேசிய மூத்த மகாராணி, தாம் அந்த உருவத்தைக் கண்டதாகச் சொன்னாரே தவிர, தமக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சொல்லவில்லை. ஆக, அறை வாங்குபவர் சம்பளத்துக்குக் காவல் காக்கிறவர் மட்டுமே.

ஆவியின் குறை என்ன என்பது இங்கேதான் தெளிவாகிறது. கொன்றவர்கள் மீது அதற்குக் கோபமில்லை. காவல் சரியில்லை என்பதே அதன் புகார். சொந்த அரசனின் ஆணையையும் மீறி ஒரு படை ஏன் எழுந்தது என்ற அரசியல் கேள்வி, பாராக்காரன் தூங்கிவிட்டான் என்ற ஒழுங்குப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. ஆட்சியாளர்களுக்கு இதைவிட ஆறுதலான விளக்கம் இருக்க முடியாது.

கதையில் யாரெல்லாம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அகால மரணமடைந்தவரே ஆவியாக அலைவார் என்ற பொது நம்பிக்கையின்படி பார்த்தால், அங்கே முதலில் நடமாட வேண்டியவர்கள் இருபது வயதை ஒட்டி வெட்டுண்ட அந்த இரு மகன்கள். அவர்களைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. ஜெயதயாலும் மெஹ்ராப் கானும் பின்னர் பிடிபட்டு 1860இல் கோட்டாவிலேயே தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ரெசிடென்சி மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வேப்பமரத்தில் என்பது உள்ளூர் வழக்கு. விடுதிக் கதையில் அவர்களுக்கும் இடமில்லை. பதவி வகித்தவர் ஒருவரே திரும்பி வருகிறார், அதுவும் பதவியின் வேலையைச் செய்வதற்காகவே வருகிறார்.

இதற்கு எதிர்நிலையில் வைக்கத்தக்க ஒரு சான்று நம் தென்பாண்டிச் சீமையிலேயே உண்டு. 1809இல் திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பிக்கு எதிரான போரில் ஆரல்வாய்மொழியில் இருந்த அந்நாட்டின் எல்லைக் காவலரணைக் கும்பினிப் படை தாக்கியபோது படுகாயமுற்று இறந்தவர் கேப்டன் போல். அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து மக்கள் வழிபட்டதைக் கால்டுவெல் போன்ற மிஷனரிகள் வியப்போடும் அருவருப்போடும் பதிவு செய்தார்கள். அவர்கள் இதை அறியாமை என்றார்கள். எனக்கு இதில் ஒரு பேரம் தெரிகிறது. துர்மரணமடைந்த வெள்ளைக்காரத் துரையின் சீற்றத்துக்கு மக்கள் அஞ்சினார்கள். அஞ்சியதோடு நில்லாமல் அவருக்குப் பிடித்ததைக் கொடுத்து அவரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மதுரை வீரனுக்கும் காத்தவராயனுக்கும் படையல் இட்ட அதே முறைதான் இது. படையலை ஏற்றுக்கொண்ட ஆவி, படைத்தவருக்குக் கடமைப்பட்டுவிடுகிறது. ஆரல்வாய்மொழிப் போரில் மாண்டவருக்குச் சுருட்டு கிடைத்தது. சம்பல் கரையில் மாண்டவரோ பீடி பிடிப்பவனை அடிக்கிறார். ஒன்று ஊர் மக்கள் தங்கள் மண்ணில் அமைத்துக்கொண்ட உறவு. மற்றொன்று, முதலாளியின் கூரைக்குக் கீழே வளர்ந்த கதை.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆவிக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்களே காவலாளிகள்தானே, அப்படியிருக்க இதை ஆட்சியாளரின் கதை என்பது எப்படிப் பொருந்தும்? மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். நள்ளிரவில், உட்கார்ந்த நிலையில் உறக்கம் அமுக்கும்போது உடல் திடுக்கென்று அதிர்ந்து விழிப்பது பெரும்பாலோருக்கு நேர்வது. இரவு முழுதும் விழித்திருக்கக் கூலி வாங்கும் ஒருவர் அந்த அதிர்ச்சிக்கு ஒரு கை தேடுகிறார். அந்தக் கை ஒரு துரையின் கையாக இருப்பது, கண்காணிப்பு என்றாலே யாருடைய முகம் நினைவுக்கு வந்தது என்பதைச் சொல்கிறது. தவிரவும், நேற்றிரவு என்னை ஆவி அறைந்தது என்பதும், நான் தூங்கிவிட்டேன் என்பதும் ஒரே செய்திதான். முதலாவதைச் சொன்னால் வேலைக்கு ஆபத்தில்லை. தொழிலாளியின் இந்தச் சாதுரியத்தை மதிக்காமல் கதையை முழுக்க மேலிருந்து இறங்கியதாகக் கொள்வது பிழை.

ஆனால் கதை விருந்தினரிடம் வந்து சேரும்போது காவலாளியின் அந்தச் சாதுரியம் உதிர்ந்துவிடுகிறது. அவர்கள் கேட்பது கண்டிப்பான, கண்ணியமான ஒரு துரையின் கதை. வேப்பமரத்துக் கதையும் அதே வளாகத்தின் வரலாறுதான். தங்க வருபவரிடம் அதையும் சேர்த்துச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.