தோய்ச்சல் நிறங்கள்

தோய்ச்சல் நிறங்கள் என்பன, துலக்கிய எஃகைக் காற்றில் சூடாக்கும்போது அதன் மேற்பரப்பில் தோன்றும் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீல நிறங்கள் ஆகும். இவை சாயமல்ல, மேற்பரப்பில் வளரும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்பைக் காட்டுபவை. மதுரைக்குக் கிழக்கே, மானாமதுரை செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். அரிவாள், உளி போன்றவற்றை நீரில் தோய்த்ததும் எஃகு கடினமாகும்; எளிதில் முறியவும் செய்யும். முறியாதிருக்க மீண்டும் அளவாகச் சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் அந்த அளவைச் சொல்வது இந்நிறங்களே.

தடிப்பைக் கணித்தல்

படலத்தின் மேற்புறத்தில் தெறிக்கும் ஒளியும், உட்புகுந்து உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. படலத்தின் தடிப்பையும் ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கி வருவது ஓர் அலைநீளத்தின் கால் பங்காக இருந்தால், அந்த அலைநீளம் பெரிதும் மங்கிவிடும். எஞ்சிய ஒளியே நிறமாகத் தெரிகிறது. ஒளிவிலகல் எண் 2.5 எனக் கொண்டால், 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி மங்குவதற்கு வேண்டிய தடிப்பு:

450 ÷ (4 × 2.5) = 45 நானோமீட்டர்

நீலம் குறைந்த எஃகு வைக்கோல் மஞ்சளாகத் தெரியும். தடிப்பு ஏறத்தாழ 70 நானோமீட்டரை எட்டும்போது சிவப்புப் பகுதி மங்கி, எஃகு நீலமாகிறது. ஆக்சைடு ஒளியை உறிஞ்சுவதாலும், உலோகத்தில் தெறிக்கும்போது அலையின் கட்டம் மாறுவதாலும் இக்கணக்கு தோராயமானதே. மேலும், படலம் தடிக்கும்போது நிறங்கள் மீண்டும் வரக்கூடும். ஒளிபுகும் ஆக்சைடு கொண்ட தைட்டானியத்தில் இது தெளிவாகத் தெரியும்; ஆகவே ஒரே நிறத்திற்கு இரு தடிப்புகள் இருக்கலாம்.

வெப்பநிலையும் நிறமும்

கரிம எஃகு சுமார் 220 பாகை செல்சியசில் வெளிர் மஞ்சளாகவும், 280-இல் ஊதாவாகவும், 300-ஐ ஒட்டி நீலமாகவும் மாறும். இது சில நிமிடச் சூட்டுக்கே பொருந்தும். நிறம் நேரடியாகக் காட்டுவது தடிப்பை மட்டுமே. குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் படலம் தடித்து நிறம் முற்றும். அப்போது நிறத்தை நம்பி நிறுத்தினால், விளிம்பு எதிர்பார்த்த பதத்தில் இராது.

கலப்புலோகங்களில் பிழை இன்னும் பெரிது. குரோமியம் கலந்த துருவேறா எஃகில் படலம் மெதுவாக வளர்வதால், வெளிர் மஞ்சளே சுமார் 290 பாகையில்தான் தோன்றும். நீலம் வர 540 பாகை வேண்டும். இரும்புக்குரிய நிற அட்டவணையை எவர்சில்வருக்குப் பயன்படுத்தலாகாது.

வரலாறு

திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1922-இல் நேச்சர் இதழில் இந்நிறங்களைப் பற்றி எழுதினார். சீரான மெல்லிய படலத்தின் குறுக்கீடு மட்டுமே காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. படலத்தின் நுண்மணி அமைப்பையும் கருதினார். கேம்பிரிட்சைச் சேர்ந்த யூ. ஆர். எவன்சு 1920-களில் செய்த ஆய்வுகள் குறுக்கீட்டு விளக்கத்திற்கே வலுச் சேர்த்தன.