பல்கலைக்கழகம் ஒரு தொழிற்சாலையா? (ஒரு கட்டைவிரலின் கணக்கு)



கல்லூரி என்றதும் நமக்கு வகுப்பறையும் பேராசிரியரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம், படூர் வரை உள்ள எந்தக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், பாடமே நடத்தாத ஒரு பெரிய கூட்டம் அங்கே வேலை செய்கிறது. பஸ் டிரைவர், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன்... இவர்களில் ஒருவருக்கு வேலையில் அடிபட்டால் யார் பணம் தரவேண்டும்? கேள்வி சின்னதுதான். பதிலைத் தேடிப் போனால் நூறு வருடக் கதை வருகிறது!

முன்பெல்லாம் அடிபட்ட தொழிலாளி, தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்க வேண்டும். கூட வேலை செய்தவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று ஆங்கிலேய நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. கை போனவன் கோர்ட்டுக்கு அலைந்து என்னத்தை நிரூபிப்பான்? ஜெர்மனி 1884-லும், பிரிட்டன் 1897-லும் இதை மாற்றிச் சட்டம் போட்டன. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 மார்ச்சில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதே 1923-ல்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

இந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்ததா? அப்படியானால் முதலாளி பணம் தரவேண்டும். யார் தவறு என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது.

ஆனால் ஒரு சிக்கல். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும்தான் இழப்பீடு. அந்தப் பட்டியலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வண்டி ஓட்டுவது, கட்டிட வேலை, பனைமரம் சீவுவது, விஷம் எடுப்பதற்காகப் பாம்பைக் கையாளுவது கூட அதில் இருந்தது! (நம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செய்துவருவது இந்த வேலையைத்தான்.) ஆனால் 'பல்கலைக்கழக ஊழியர்' என்று ஒரு வரி கிடையாது. அதனால் ஒரே கல்லூரியில் பஸ் டிரைவர் உள்ளே, ஆபீஸ் கிளார்க் வெளியே. எழுத்தர்களையும் சேர்த்து, 'தொழிலாளி' என்பதை 'பணியாளர்' என்று மாற்றியது 2009-ன் திருத்தம்தான்.

இதற்கிடையில் இன்னொரு பெரிய விவாதம் நடந்தது. பல்கலைக்கழகம் ஒரு 'தொழில்' தானா? 1963-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி பஸ் டிரைவர்கள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அது விபத்து வழக்கு அல்ல, ஆட்குறைப்பு வழக்கு. கல்வி ஒரு தொழில் அல்ல, எனவே தொழில் தகராறு சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 15 வருடம் கழித்து, 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பின்படி கல்வி நிறுவனமும் ஒரு தொழில்தான். 1985-ல் உஸ்மானியா பல்கலைக்கழக அச்சகம் ஈ.எஸ்.ஐ. சட்டப்படி 'தொழிற்சாலை' என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அச்சடிப்பது பாடப்புத்தகமா, பத்திரிகையா என்று இயந்திரத்துக்குத் தெரியுமா என்ன?

தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்களுக்கு ஈ.எஸ்.ஐ. விரிவாக்கப்பட்டது 2010-ல். தனியார் கல்வி நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2020-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அந்த அறிவிக்கை செல்லும் என்றது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு முதலாளி தரும் இழப்பீட்டுக்குப் பதிலாக ஈ.எஸ்.ஐ. கழகமே பணம் தரும்.

காமர்ஸ் மாணவன் கணக்குப் போடாமல் விடலாமா? ஈ.எஸ்.ஐ. இல்லாத, 40 வயதான ஓர் அச்சகத் தொழிலாளி கட்டைவிரலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2020-ல் வந்த அறிவிக்கைப்படி கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அவருக்கு அந்தச் சம்பளம் என்றால் அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. கட்டைவிரலுக்கு 30 சதவீதம் என்பதால் கையில் வருவது 4,97,259 ரூபாய். ஓர் ஆயுள் முழுக்க அந்த விரல் இல்லாமல் வாழ்வதற்கு!

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. அதில் ஒரு நல்ல விஷயம்: வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே கருதப்படும். நம் சாலையின் போக்குவரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இன்று எத்தனை துப்புரவுப் பணியாளர்களும் வாட்ச்மேன்களும் கல்லூரியின் நேரடி ஊழியர்கள்? பலர் கான்ட்ராக்ட் ஆட்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தாலும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 1923 சட்டத்தின் 12-ம் பிரிவே சொன்னது. ஆனால் அந்த வேலை முதலாளியின் 'தொழில் அல்லது வியாபாரத்தில்' சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. "எங்கள் தொழில் கல்வி, பெருக்குவது அல்ல" என்று ஒரு நிர்வாகம் வாதாட வழி உண்டு. பல்கலைக்கழகம் ஒரு தொழிலா என்ற பழைய கேள்வி, இப்போது பெருக்குவது பல்கலைக்கழகத்தின் தொழிலா என்று வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பெருக்காத வகுப்பறையில் யாரும் பாடம் நடத்த முடியாது. அப்புறம் அது எப்படிக் கல்லூரியின் வேலை இல்லாமல் போகும்? உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது வேலையில் அடிபட்டால் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: விபத்தை உடனே எழுத்தில் பதிவு செய்யவேண்டும், இழப்பீடு கேட்க இரண்டு வருடம்தான் கெடு.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.