முடியாத சேலை

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தைப் பெண்கள் சேர்ந்து பார்க்கலாம் என்றால் தயக்கம் வருவது இயல்பே. ஓர் அப்பாவின் கனவு, மகளின் கல்யாணப் பட்டு, கடைசியில் அந்த அப்பாவின் கையாலேயே மகளின் சாவு. ஆணின் கண்ணீருக்காகப் பெண்ணைப் பலியிடும் கதைகளை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். இருந்தும் இந்தப் படத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

‘ஹேரா பேரி’ போன்ற இந்தி நகைச்சுவைப் படங்களால் பெயர் பெற்றவர் பிரியதர்ஷன். அவர் சிரிப்பையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டு, 1940களின் நெசவாளியைப் பற்றித் தமிழில் எடுத்த படம் இது. வணிகக் கணக்குப்படி யாரும் துணியாத வேலை. பணம் போட்டது பெர்செப்ட் பிக்சர் கம்பெனி. 2008இல் டொரண்டோ விழாவில் காட்டப்பட்டு 2009இல் திரைக்கு வந்தது. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கு. விருதுப் படம் என்ற முத்திரையே பலரைத் தள்ளி நிற்க வைக்கும் என்பது வேறு விஷயம்.

கதை 1948இல், சிறையிலிருந்து ஊருக்குக் கூட்டிவரப்படும் வெங்கடத்தின் நினைவில் விரிகிறது. வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்தவன். தன் மனைவி அன்னத்தைப் பட்டுடுத்தி அழைத்துவர அவனால் முடியவில்லை. மகள் தாமரை பிறந்ததும் அவளைப் பட்டில்தான் கட்டிக்கொடுப்பேன் என்று ஊரறிய வாக்குக் கொடுக்கிறான். சேர்த்த காசு தங்கையின் கணவன் கேட்கும் பணத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணின் கல்யாணச் சேமிப்பு கரைகிறது. அதன்பிறகுதான் முதலாளியின் பட்டு நூலை வாயில் அடக்கித் திருடத் தொடங்குகிறான். அவன் திருட்டுக்குக் காரணம் வறுமை மட்டும்தானா? வரதட்சணையும்தான். படம் இதை உரக்கச் சொல்வதில்லை. நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் விட்டுவிட்ட கணக்கு ஒன்று உண்டு. வெங்கடம் தனியாக ராத்திரியில் நெய்கிறான். ஆனால் காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறம், மூன்று நாடா. கரையின் நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண் அல்லது பிள்ளை. தறிக்கு முந்திய வேலை இன்னும் அதிகம்: நூலைச் சுற்றுவது, தார் போடுவது, பாவை நீட்டிக் கஞ்சி போடுவது. சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே நடப்பதால் இதற்குத் தனிக் கூலி என்ற பேச்சே எழுவதில்லை. சேலைக்கு ஒரு கூலி, அதை வாங்குபவர் குடும்பத் தலைவர். நெசவாளி என்ற சொல்லே நம் காதில் ஆணாகத்தான் ஒலிக்கிறது.

படத்தின் அதே 1948இல்தான் இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் வந்தன. வீட்டுக்குள் இருக்கும் தறியை ஒரு தொழிற்சாலையாக எண்ண யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதாண்டுக்கு மேல் கழித்து, 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியருகே உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடத்தின் வாக்கு மகளைப் பட்டுடுத்த வைப்பது. நிஜத் தறிகளில் பல மகள்கள் பட்டுக்கு அடமானமாக இருந்தார்கள்.

அதனால்தான் கடைசிக் காட்சியை வெறும் அப்பாவின் சோகமாக மட்டும் பார்க்க முடியவில்லை. அரைகுறையாக நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து மகளின் உடல்மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. ஸ்ரேயா ரெட்டியும் ஷம்முவும் நடித்த அன்னம், தாமரை இருவருக்கும் திரைக்கதை தந்திருக்கும் இடமும் ஏறக்குறைய அந்தத் துணியின் அளவுதான். வகுப்பில் போட்டுக்காட்டும் ஆசிரியர்கள் படம் முடிந்ததும் மாணவிகளிடம் ஒன்று கேட்கலாம்: வெங்கடம் ஒளித்துக் கொண்டுவந்த நூலைத் தாருக்குச் சுற்றியது யார்?