அகலத்திரையில் அருண்மொழி

அகலத்திரை உலகிற்கு அறிமுகமானபோது அதில் விரிந்து நின்றது பண்டைய உரோமாபுரி. 1953-இல் வெளிவந்த 'தி ரோப்' என்பதே சினிமாஸ்கோப்பின் முதற்படம். இருபதாண்டுகள் கழிந்து, 1973-இல், தமிழ்ப்படம் முதன்முதலாக அவ்வகலத்தைப் பெற்றபோது திரையில் எழுந்தது தஞ்சை. ஜி. உமாபதி தயாரித்து, ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்' அது. உரோமைப் படங்களுக்கு ஈடான பொலிவு தமிழுக்கும் வாய்க்கவேண்டும் என்ற வேட்கை அதில் தெரிகிறது, பாராட்டத்தக்க வேட்கைதான்.

படத்தின் வேர் நாடகமேடையில் உள்ளது. அரு. ராமநாதன் எழுத, டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகமே அதற்கு அடிப்படை. இதனால் விளைந்த நன்மை பெரிது. வழுவற்ற செந்தமிழ் உரையாடல், பொதுமக்கள் சுவைத்துக் கேட்கும் பேச்சாக ஒலித்தது. அவையில் நிமிரும் வேந்தனையும் மகள்முன் தளரும் தந்தையையும் ஒரே முகத்தில் காட்டினார் சிவாஜி கணேசன். குன்னக்குடி வைத்தியநாதனின் இசையில் சீர்காழி கோவிந்தராஜன், டி.ஆர். மகாலிங்கம், எஸ். வரலட்சுமி மூவரும் பாடியதோடு நடிக்கவும் செய்தனர். படத்தின் உயிரில் பாதி அக்குரல்களில் இருக்கிறது. ஆனால் காமிரா பெரும்பாலும் நாடகக் கொட்டகையில் முன்வரிசையில் அமர்ந்தவனைப் போலவே நிற்கிறது. கூடத்தில் நிரையாக நின்று பேசுகின்றனர்; அகலத்திரை அந்நிரையை நீட்டியதேயன்றி நாட்டை விரித்துக் காட்டவில்லை.

வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கும் இராசராசன் மகள் குந்தவைக்கும் இடையிலான காதலும், அதனூடே பாலதேவர் செய்யும் சூழ்ச்சியுமே கதை. சூழ்ச்சி முறிந்ததும் கதை ஓய்கிறது. வரலாறோ அங்கேதான் தொடங்குகிறது. விமலாதித்தனின் தமையன் சக்திவர்மனை வேங்கி அரியணையில் அமர்த்தியது இராசராசனின் படைவலி. சோழநாட்டிலிருந்து வேங்கிக்குச் செல்வோர் தொண்டை மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். அதன் வடகோடியில் கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. இரு மொழிகளும் செவியில் விழும் அக்கரையில் வாழ்வோர்க்கு அம்மணவினை வெறும் காதற்கதையன்று. குந்தவை ஈன்ற மகன் இராசராச நரேந்திரன். அவன் அவையிலேயே நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். நரேந்திரனின் மகன் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். அவனைப் பரணியில் பாடியவர் சயங்கொண்டார். ஒரு மணவினையின் வழியில் இருமொழிப் புலவர்க்கும் புரவலர் தோன்றினர். இத்துணைப் பெரும் பொருளை ஊடலும் கூடலுமாகச் சுருக்கியது படத்தின் பெருங்குறை எனலாம்.

அடுத்த குறை கடல். தோணி அணையும் துறையென்பதைப் பெயரிலேயே தாங்கிய தோணிரேவு போன்ற ஊர்களில் இது உடனே உறைக்கும். ஈழத்தையும், முந்நீர்ப் பழந்தீவு எனக் கல்வெட்டுகள் கூறும் மாலத்தீவுகளையும் வென்றவன் இராசராசன். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய புத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தவனும் அவனே. அக்கொடையைக் கூறும் செப்பேடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுசென்றவர்கள், 1690 வரை பழவேற்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒல்லாந்தர். லைடன் நகரைச் சேர்ந்தமையால் அவை லைடன் செப்பேடுகள் ஆயின. இவ்வளவு கடல்சூழ்ந்த ஒரு வாழ்வு, திரையில் அரண்மனைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டது.

1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்லோ மன்னனோடு நிற்கவில்லை. குஞ்சரமல்லனான பெருந்தச்சனையும், நானூறு தளிச்சேரிப் பெண்டிரையும் அவரவர் பெயரோடும், அப்பெண்டிர்க்கு வழங்கிய மனையோடும் அது பொறித்து வைத்திருக்கிறது. அவர்களுள் ஒருவரது வாழ்வையும் படம் தன் கதையாக்கவில்லை. கல்வெட்டில் மன்னன் காட்டிய பெருந்தன்மை, திரைக்கதையில் அவனுக்கே வாய்க்கவில்லை போலும்!

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) கடலையும் கலத்தையும் காட்டிற்று. படகு வலிக்கும் பெண்ணொருத்தியையும் முன்னிறுத்திற்று. ஆயின் அக்கதை அருண்மொழி முடிசூடுமுன்பே முடிகிறது. பூங்குழலியும் கல்கியின் கற்பனை. 985-இல் அரியணை ஏறியபின் அவன் செலுத்திய கலங்களும், அவற்றில் துடுப்புப் பிடித்தோரும் இன்னும் திரையேறவில்லை.